வெயிலை விற்ற கடற்கரை

"வெயில்ல சுத்தாதல, கறுத்துப் போயிருவ."

இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். எங்கள் வீட்டில் மார்ச் தொடங்கி ஆகஸ்ட் வரை அம்மா தினமும் ஒரு தடவையாவது இதைச் சொல்லிவிடுவார். எங்கள் ஊர் தூத்துக்குடி. வீட்டிலிருந்து கடல் மூன்றே கிலோமீட்டர். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால் கடற்கரைக்குக் கிளம்பினால், "மண்டை காய்ஞ்சு போச்சா?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்கள் வேலை பார்க்கிறவர்கள் மட்டும்தான். வலை காயப்போடுகிறவர்கள், படகு பழுது பார்க்கிறவர்கள், கருவாடு திருப்பிப் போடும் பாட்டிகள்.

ஒருநாள் டிவியில் பிரான்ஸின் தெற்குக் கடற்கரையைக் காட்டினார்கள். உச்சி வெயிலில், வரிசை வரிசையாகக் குடை நட்டு, அந்தக் குடையின் நிழலிலும் படுக்காமல், எண்ணெய் தடவிக்கொண்டு மணலில் கிடக்கிறார்கள் ஜனங்கள். அம்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "காசு குடுத்துக் கறுக்கான் பாரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு ஒரு கேள்வியும் வந்தது. இவர்கள் எப்போதுமே இப்படித்தானா?

இல்லை நண்பர்களே! தேடிப் படித்ததில் தெரிந்தது இதுதான். சுமார் 100 வருஷம் முன்பு வரை அந்தக் கடற்கரைக்கு வந்த பணக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் அம்மா கட்சிதான். அங்கே கோடை சீசனே கிடையாது. ஹோட்டல்களை மே மாதம் பூட்டினால் இலையுதிர்காலத்தில்தான் திறப்பார்கள். கடல் அதே கடல், வெயிலும் அதே வெயில். ஆனால் அதை விற்ற விதம் மட்டும் நான்கு தடவை தலைகீழாக மாறியிருக்கிறது. நான் பி.காம். மாணவன். ஒரே சரக்கை நான்கு விதமான வாடிக்கையாளருக்கு விற்ற கதை என்றால் விட மனசு வருமா? :-)

முதலில் ஊர்களை ஒழுங்குபடுத்திக்கொள்வோம்

மத்தியதரைக் கடலின் வடகரையில், மேற்கே இயேர் என்ற ஊரில் தொடங்கி, கிழக்கே இத்தாலி எல்லையில் உள்ள மாந்தோன் வரை போகும் கரை இது. ஆங்கிலேயர்கள் இதை ரிவியரா என்றார்கள். மேற்கிலிருந்து வந்தால் இயேர், சேன் த்ரோப்பே, கேன்ஸ், ஜுவான்-லே-பேன், ஆந்தீப், நீஸ், மான்டி கார்லோ, மாந்தோன் என்று வரிசையாக ஊர்கள். இதில் மான்டி கார்லோ பிரான்ஸில் இல்லை. மொனாக்கோ என்ற தம்மாத்துண்டு தனி நாட்டில் இருக்கிறது. நீஸ் நகரமும் 1860-ல்தான் பிரான்ஸோடு சேர்ந்தது. அதற்கு முன் அது சார்டினிய அரசுக்குச் சொந்தம். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் வரும்.

இந்தக் கரைக்குப் பின்னால் ஆல்ப்ஸ் மலை சுவர் மாதிரி நிற்கிறது. வடக்கேயிருந்து வரும் குளிர்காற்றைப் பெருமளவு தடுத்துவிடும். அதனால் லண்டனும் பாரிஸும் நடுங்கும் ஜனவரி மாதத்தில் இங்கே எலுமிச்சையும் ஆரஞ்சும் காய்த்துத் தொங்கும். இதுதான் சரக்கு. இனி வாடிக்கையாளர்களைப் பார்ப்போம்.

இருமிக்கொண்டு வந்தவர்கள்

முதலில் வந்தவர்கள் உல்லாசத்துக்காக வரவில்லை, உயிருக்காக வந்தார்கள். ஸ்மாலெட் என்ற நாவலாசிரியர் மருத்துவம் படித்தவர். 1763-ல் தன் ஒரே மகளைப் பறிகொடுத்துவிட்டு, நெஞ்சு நோயோடு மனைவியை அழைத்துக்கொண்டு இங்கிலாந்தை விட்டுக் கிளம்பினார். நீஸில் 1765 வரை தங்கினார். தினமும் வானிலையைக் குறித்து வைத்தார். மே மாதத்தில் கடலில் இறங்கிக் குளித்தார். உள்ளூர்க்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். இந்த உடம்போடு கடலில் இறங்கினால் செத்துத்தான் போவார் என்று மருத்துவர்கள் சிலர் ஆரூடம் சொன்னார்கள். அவர் சாகவில்லை, கொஞ்சம் தேறினார். 1766-ல் பயண நூலாக எல்லாவற்றையும் வெளியிட்டார். அதில் நீஸ் மக்களைப் பற்றி நல்ல வார்த்தை குறைவு, ஏச்சுதான் அதிகம். ஆனால் படித்த ஆங்கிலேயர்கள் ஏச்சை மறந்துவிட்டு வானிலையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த கதை கேன்ஸ். இன்று திரைப்பட விழா என்றால் நினைவுக்கு வரும் ஊர், அன்று வெறும் மீனவ கிராமம். 1834-ன் கடைசியில் ப்ரூம் பிரபு என்ற இங்கிலாந்தின் முன்னாள் அமைச்சர், நோயாளி மகளோடு இத்தாலிக்குப் போய்க்கொண்டிருந்தார். பிரான்ஸில் அப்போது காலரா. நீஸ் வேறு நாடு என்று சொன்னேன் இல்லையா? எல்லையில் இருந்த சார்டினியக் காவலர்கள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கேன்ஸில் தங்கினார். ஊர் பிடித்துப்போனது. நிலம் வாங்கி, மகள் பெயரிலேயே ஒரு மாளிகை கட்டினார். மகள் 1839-ல் இறந்துபோனாள். ஆனாலும் அவர் ஒவ்வொரு குளிர்காலமும் அங்கே வருவதை நிறுத்தவில்லை. 1868-ல் கேன்ஸிலேயே இறந்தார். அவர் பின்னால் நண்பர்கள் வந்தார்கள், நண்பர்களின் நண்பர்கள் வந்தார்கள். ஒரு சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட்டதால் ஒரு நகரமே பிறந்தது.

மூன்றாவது ஊர் மாந்தோன். ஜேம்ஸ் ஹென்றி பென்னெட் என்ற மருத்துவருக்கே காசநோய். இங்கேயே சாகலாம் என்றுதான் 1859-ல் வந்தார். ஆனால் பிழைத்துக்கொண்டார். இந்த ஊரின் குளிர்காலத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் பரவ, ஐரோப்பாவின் காசநோயாளிகள் மாந்தோனுக்குப் படையெடுத்தார்கள்.

அன்று காசநோய்க்கு மருந்தே கிடையாது. "தெற்கே போங்கள்" என்பதுதான் வசதியானவர்களுக்கு எழுதப்பட்ட மருந்துச் சீட்டு. வந்தவர்களில் நிறையப் பேர் திரும்பவில்லை. ரஷ்யப் பட்டத்து இளவரசர் நிக்கலாய் 1865-ல் நீஸில் இறந்தபோது வயது 21. ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி 1898-ல் மாந்தோனில் இறந்தபோது வயது 25. மாந்தோனின் பழைய கல்லறைத் தோட்டம் ஊரின் உச்சியில், கடலைப் பார்த்த மாதிரி இருக்கிறது. அங்கே இருக்கும் வெளிநாட்டுக் கல்லறைகளில் பல, சின்ன வயசுக்காரர்களுடையவை. 'உல்லாசக் கடற்கரை' என்ற வார்த்தையைக் கேட்டால் இனி எனக்கு இதுவும் ஞாபகம் வரும்.

உள்ளூர்க்காரர்கள் என்ன செய்தார்கள்?

இந்தக் கேள்வியை வரலாற்றுப் புத்தகங்கள் பல தாண்டிப் போய்விடுகின்றன. ஒரு இடத்தில் மட்டும் பதில் தெளிவாகத் தெரிகிறது. 1820-21 குளிர்காலத்தில் நீஸில் கடும் பனி. ஆரஞ்சு மரங்கள் கருகிப்போயின. தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை இல்லை. பிச்சை எடுப்பவர்கள் தெருவெல்லாம் பெருகினார்கள். அங்கே குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர்கள், லூயிஸ் வே என்ற பாதிரியார் முன்னெடுக்க, பணம் திரட்டினார்கள். சும்மா கொடுக்காமல், கடலோரமாக ஒரு நடைபாதை போடச் சொல்லிக் கூலியாகக் கொடுத்தார்கள். சுமார் 2 மீட்டர் அகலமுள்ள பாதை. நம் ஊரில் பஞ்ச நிவாரண வேலை என்று ஏரி வெட்டச் சொன்னார்களே, அதே மாதிரி. இன்று உலகமே படம் பிடிக்கும் நீஸின் 'ஆங்கிலேயர் உலாச்சாலை' அப்படித்தான் பிறந்தது. அதற்குப் பெயர் நடந்தவர்களின் பெயர். கல் சுமந்தவர்களின் பெயர் அல்ல.

சூதாட்டத்துக்கு 'கடல் குளியல்' என்று பெயர்

இரண்டாவது வாடிக்கையாளர் வந்தது மொனாக்கோவுக்கு. 1848-ல் மாந்தோனும் பக்கத்து ரோக்ப்ரூனும் மொனாக்கோவிலிருந்து பிரிந்துபோயின. எலுமிச்சை வருமானமும் கூடவே போயிற்று. 1861-ல் அந்த ஊர்களின் மீதான உரிமையை 40 லட்சம் பிராங்குக்கு பிரான்ஸிடம் விட்டுக்கொடுத்தார் இளவரசர் மூன்றாம் சார்லஸ். மிச்சம் ஒரு பாறையும் கொஞ்சம் கரையும். என்ன செய்வது?

பிரான்ஸில் அப்போது சூதாட்ட விடுதிகளுக்குத் தடை. இளவரசர் அதைப் பயன்படுத்திக்கொண்டார். முதலில் 1856-ல் எடுத்த முயற்சி படுத்துவிட்டது. பிறகு 1863-ல், ஜெர்மனியில் சூதாட்ட விடுதி நடத்தி வெற்றிபெற்ற பிரான்சுவா பிளாங்க் என்பவரிடம் உரிமத்தைக் கொடுத்தார். அவர் தொடங்கிய கம்பெனியின் பெயரைக் கேளுங்கள்: 'கடல் குளியல் கம்பெனி'! பெயரில் குளியல், லாபம் சூதில். கம்பெனிச் சட்டம் படிக்கிற நமக்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது. பிளாங்க் என்றால் பிரெஞ்சில் வெள்ளை. சூதாட்டச் சக்கரத்தில் சிவப்பும் கறுப்பும் அவ்வப்போது ஜெயிக்கும், ஆனால் 'வெள்ளை' எப்போதும் ஜெயிக்கும் என்று அப்போது ஒரு ஜோக் உண்டாம்.

1866-ல் அந்தப் பகுதிக்கு இளவரசரின் பெயரால் மான்டி கார்லோ, அதாவது 'சார்லஸ் குன்று', என்று பெயர் வைத்தார்கள். 1868-ல் ரயில் வந்தது. 1869-ல் குடிமக்களுக்கு நேரடி வரியையே ரத்து செய்தார் இளவரசர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மொனாக்கோ குடிமக்கள் அந்த விடுதியில் சூதாடக் கூடாது என்றும் விதி வைத்தார்கள். சரக்கின் குணம் விற்கிறவருக்குத்தானே நன்றாகத் தெரியும்!

ராணியும் ரயிலும்

ரயில் 1863-ல் கேன்ஸுக்கும், 1864-ல் நீஸுக்கும், 1869-ல் மாந்தோனுக்கும் வந்தது. அதன் பிறகு நோயாளிகளோடு ராஜாக்களும் வரத் தொடங்கினார்கள். விக்டோரியா ராணி 1882-ல் மாந்தோனுக்கு வந்தார். 1895 முதல் 1899 வரை ஐந்து வருஷமும் வசந்தகாலத்தில் நீஸின் சிமியே குன்றில் தங்கினார். அவர் வருகையை மனதில் வைத்தே ரெஜினா என்ற பிரம்மாண்டமான ஹோட்டல் கட்டி 1897-ல் திறந்தார்கள். அந்த வருஷம் ராணியோடு ஆக்ராவைச் சேர்ந்த அப்துல் கரீமும் வந்தார். ராணிக்கு இந்துஸ்தானி சொல்லிக்கொடுத்த முன்ஷி. அவரை அழைத்துப் போகக்கூடாது என்று ராணியின் பரிவாரமே முரண்டு பிடித்தது. ராணி அசையவில்லை.

1887-ல் ஸ்தெஃபான் லியேகார் என்ற எழுத்தாளர் இந்தக் கரையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் 'கோத் தோர்' மாவட்டத்துக்காரர். தோர் என்றால் பொன். அந்தப் பெயரைக் கொஞ்சம் திருப்பி, புத்தகத்துக்கு 'கோத் தஸூர்', அதாவது நீலக் கரை என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே கரைக்கு நிலைத்துவிட்டது. பிராண்ட் என்ற வார்த்தை அவருக்குத் தெரியுமோ என்னவோ, ஆனால் அதைத்தான் செய்தார்.

இதற்கிடையில் மருத்துவம் வேறு பக்கம் திரும்பியது. 1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். நோய் தொற்றும் என்று தெரிந்ததும், இருமுகிறவர்களை ஹோட்டல்கள் பயத்தோடு பார்க்கத் தொடங்கின. எழுத்தாளர் கேதரின் மேன்ஸ்ஃபீல்டை 1919-ல் எல்லைக்கு அப்பால் சான் ரெமோவில் ஒரு ஹோட்டலில் காலி செய்யச் சொன்னார்கள். அறையைப் புகைபோட்டுச் சுத்தம் செய்ய ஆகும் செலவையும் அவர் தலையிலேயே கட்டினார்கள். எந்த நோயாளிகளால் அந்தக் கரை பிழைத்ததோ, அவர்களே இப்போது வியாபாரத்துக்கு இடைஞ்சல்.

கோடை திறந்தது

இதுவரை சொன்னது எல்லாமே குளிர்காலக் கதை. சீமாட்டிகள் குடை, கையுறை, முக்காடு என்று வெயில் படாமல்தான் நடந்தார்கள். வயலில் வேலை செய்கிறவர்கள்தான் கறுப்பார்கள், வெள்ளைத் தோல் என்றால் உழைக்கத் தேவையில்லாதவர் என்று அர்த்தம். அம்மாவின் வசனத்துக்குள்ளும் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது என்பது எனக்கு இதைப் படிக்கும்போதுதான் உறைத்தது.

இது எப்படி மாறியது? ஒரு காரணம் விஞ்ஞானம். தோலில் வரும் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை கண்டுபிடித்ததற்காக நீல்ஸ் ஃபின்சென் 1903-ல் நோபல் பரிசு வாங்கினார். அதே வருஷம் சுவிட்சர்லாந்தின் மலையில் ரோலியே என்ற மருத்துவர் சூரியக் குளியல் மருத்துவமனை தொடங்கினார். வெயிலுக்கு நல்ல பெயர் வந்தது. இன்னொரு காரணம் தொழிற்சாலை. உழைப்பாளிகள் வயலை விட்டு ஆலைக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் போய் வெளிறிப்போனார்கள். இப்போது பழுப்பு நிறம்தான் 'எனக்கு நேரம் இருக்கிறது' என்பதற்கு அடையாளம்.

1923 கோடையில், ஆந்தீப் முனையில் இருந்த ஹோட்டலை வழக்கம்போலப் பூட்டப் போனார் அதன் முதலாளி. ஜெரால்டு மர்ஃபி, சாரா மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதி, கொஞ்சம் ஆட்களை மட்டும் வைத்துத் திறந்து வைக்கும்படி அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். ஜெரால்டு பக்கத்துக் கடற்கரையில் குவிந்து கிடந்த கடல்பாசியைத் தானே வாரி ஒதுக்கினார். பிக்காசோ குடும்பத்தோடு வந்தார். பின்னர் ஃபிட்ஸ்ஜெரால்டு வந்தார். 1934-ல் வந்த தன் நாவலை இந்தத் தம்பதிக்கே சமர்ப்பித்தார். பக்கத்து ஜுவான்-லே-பேனில் ஃப்ராங்க் ஜே கூல்டு என்ற அமெரிக்கப் பணக்காரர் முதலீடு செய்து, கோடைக்கென்றே ஹோட்டலும் சூதாட்ட விடுதியும் நடத்தினார். 1930-களின் தொடக்கத்தில் பெரிய ஹோட்டல்களும் கோடையில் கதவைத் திறந்தன.

மர்ஃபி தம்பதியின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1929-ல் அவர்களுடைய இளைய மகன் பேட்ரிக்குக் காசநோய் என்று தெரிந்தது. கடற்கரையை விட்டு சுவிஸ் மலைக்குப் போனார்கள். 1935-ல் மூத்த மகன் மூளைக் காய்ச்சலில் இறந்தான். 1937-ல் பேட்ரிக்கும் போய்விட்டான். வெயிலை நாகரிகமாக்கிய வீட்டுக்குள்ளேயே, அந்தக் கரைக்கு முதலில் ஆள் கூட்டி வந்த அதே நோய் நுழைந்தது.

கோடை திறந்ததில் ஒரு கூட்டம் நஷ்டப்பட்டது. குளிர்கால ஹோட்டல்கள் பல, காற்றும் காட்சியும் வேண்டும் என்று குன்றின் மேல் கட்டப்பட்டவை. புது வாடிக்கையாளருக்கோ மணலில் கால் பட வேண்டும். குன்றின் மேல் இருந்த அரண்மனைகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடி வீடுகளாயின. ராணிக்காகக் கட்டிய ரெஜினாவும் தப்பவில்லை. 1938-ல் அதில் ஒரு வீடு வாங்கியவர் ஓவியர் மத்தீஸ். சொத்து அப்படியேதான் நின்றது, ரசனை மாறியதும் மதிப்பு போய்விட்டது. தேய்மானம் என்றால் சுவர் விரிசல் விடுவது மட்டும் இல்லை போல.

1936: டிக்கெட் எடுத்தவர்கள்

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று கூடச் சொல்லலாம்.

நோயாளி, சூதாடி, ராணி, ஓவியர் என்று இதுவரை வந்த எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒன்று. வேலைக்குப் போகாவிட்டாலும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். 1936 மே, ஜூன் மாதங்களில் பிரான்ஸ் முழுவதும் சுமார் 20 லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிற்சாலைகளுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். லியோன் ப்ளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு அப்போதுதான் பதவிக்கு வந்திருந்தது. ஜூன் 20-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரு வருஷம் வேலை பார்த்த எல்லோருக்கும் வருஷத்துக்கு இரண்டு வாரம், சம்பளத்தோடு விடுமுறை.

லீவு கொடுத்தால் போதுமா, போக வர? ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் பொறுப்பான துணை அமைச்சர் லியோ லக்ரான்ஜ், ரயில்வே கம்பெனிகளோடு பேசி 40 சதவீதக் கழிவில் விடுமுறை டிக்கெட் வாங்கிக்கொடுத்தார். முதல் கோடையிலேயே ஏறக்குறைய 6 லட்சம் பேர் அந்த டிக்கெட் எடுத்தார்கள். எல்லோரும் நீஸுக்குப் போய்விடவில்லை. நிறையப் பேர் சொந்த கிராமத்துக்குத்தான் போனார்கள். பலர் சைக்கிளில் கிளம்பினார்கள். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தவர்கள் ஏராளம். 1922 முதல் பணக்காரர்களை ரிவியராவுக்கு ஏற்றிவந்த 'நீல ரயில்' வந்த அதே ஸ்டேஷன்களில், தொப்பி போட்ட தொழிலாளியும் பிள்ளைகளோடு இறங்கினார். சில பத்திரிகைகள் அவர்களைக் கேலி செய்தன. கடற்கரை அசிங்கமாகிவிட்டது என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. லக்ரான்ஜ் 1940 ஜூனில் போர்முனையில் இறந்தார். வயது 39.

விடுமுறை மட்டும் நின்றுவிடவில்லை. 1956-ல் மூன்று வாரமானது. 1969-ல் நான்கு, 1982-ல் ஐந்து. அந்த 1956-ல்தான் சேன் த்ரோப்பேயில் எடுத்த பிரிஜித் பார்தோ படம் வெளியாகி அந்த மீனவ ஊரை உலகப் புகழாக்கியது. எல்லோரும் சேன் த்ரோப்பேவுக்குப் புகழ் தந்தது பார்தோ என்பார்கள். மூன்றாவது வாரத்தை யாரும் சொல்வதில்லை!

அந்த ஊரைப் பற்றி நமக்கு மட்டும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. அதன் துறைமுகத்தில் சுஃப்ரன் என்ற கடற்படைத் தளபதியின் சிலை நிற்கிறது. அவர் சண்டை போட்டது எங்கே தெரியுமா? 1782-ல் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை. 1783-ல் கடலூர். எல்லாம் நம் கரைகள்தான், ஆங்கிலேயக் கடற்படைக்கு எதிராக. கடலூரில் ஹைதர் அலியைச் சந்தித்தும் பேசினார். உல்லாசப் படகுகளுக்கு நடுவே நிற்கிற அந்த மனிதருக்கு நம் ஊர்க் கடல் நன்றாகத் தெரிந்திருக்கும்.

கேன்ஸுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. திரைப்பட விழாவை முதலில் 1939 செப்டம்பர் 1-ல் தொடங்குவதாக இருந்தார்கள். அன்றைக்குத்தான் ஹிட்லர் போலந்துக்குள் புகுந்தான். விழா நின்றது. 1946-ல்தான் முதல் விழா நடந்தது. அதில் உயரிய பரிசைப் பகிர்ந்துகொண்ட படங்களில் ஒன்று சேத்தன் ஆனந்தின் 'நீச்சா நகர்'. கீழே வாழும் ஏழைகளுக்கும் மேலே வாழும் முதலாளிக்கும் நடக்கும் தண்ணீர்ச் சண்டைதான் கதை. அந்தக் கரையில் திரையிடப் பொருத்தமான படம்தான்.

கடைசியாக, ஒரு சின்னக் கணக்கு

2021-ல் யுனெஸ்கோ நீஸ் நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எந்தப் பெயரில்? 'ரிவியராவின் குளிர்கால ஓய்வு நகரம்' என்று. ஆகஸ்டில் அங்கே கடற்கரையில் படுத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

இதையெல்லாம் படித்து முடித்தபோது எனக்கு வந்த முடிவு ஒன்றுதான். ஒரு கரையை ஓய்வுக்கான இடமாக்குவது கடல் மட்டும் அல்ல, வெயிலும் அல்ல. மனிதர்களிடம் இருக்கும் நேரம். அந்த நேரம் சிலருக்குப் பரம்பரையாக வந்தது. மற்றவர்களுக்கு அதைச் சட்டம் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

எங்கள் அப்பா ஒரு பாத்திரக் கடையில் 22 வருஷமாக வேலை பார்க்கிறார். கடை பூட்டினால் அவருக்கு லீவு. தீபாவளிக்கு மறுநாள், பொங்கல், யாராவது பெரியவர்கள் இறந்தால் ஒரு நாள். 'தொழில் சட்டம்' பாடத்துக்குப் படிக்கும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. நம் மாநிலத்தின் 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், 12 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த 12 மாதத்தில் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. கால்குலேட்டரை எடுத்தேன். முதல் வருஷத்தைக் கழித்தால் 21 வருஷம். 252 நாள். எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் ஏறாத 252 நாள்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். பிரான்ஸ் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே ரசத்தை ஊற்றிக்கொண்டார். "சட்டம்லாம் இருக்கும்ல. யாரு போயி கேக்கது?" என்றார். சரி, ஒருநாள் லீவு போட்டுவிட்டு எங்களோடு கடற்கரைக்காவது வாருங்கள் என்றேன். "கடல் எங்க ஓடிரப் போவுது? நாளைக்கும் அங்கனதான் கெடக்கும்" என்று சிரித்தார்.

கடல் அங்கேதான் கிடக்கும். எனக்கும் தெரியும். கடைசியாக அவரோடு நாங்கள் கடற்கரைக்குப் போனது எப்போது என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உனக்கு மொட்டை போட்ட வருஷம்" என்றார்.

நண்பர்களே, முடிந்தால் இன்று உங்கள் வீட்டிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.